கார்ட்டூம் அரண்மனைக்குச் சுண்ணாம்பு பூசியவர்கள்

1

சித்திரை பிறந்த மறுநாள் என் உடம்புக்குத் தானாகத் தெரிந்துவிடுகிறது. அன்று காலையில் கேட்கும் எந்தச் சத்தமும் எனக்கு வெறும் சத்தமாக இருப்பதில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் பள்ளத்தில் இறங்கி ஏறினால்கூட முதுகுத்தண்டு நிமிர்ந்துகொள்கிறது. சூடான் நாட்டின் தலைநகரம் கார்ட்டூமில் போர் தொடங்கியது அப்படியொரு நாளில்தான். முந்தைய நாள், நாலைந்து தமிழர்கள் என் அறையில் கூடி, அந்த ஊர் மாங்காயில் பச்சடி செய்து சாப்பிட்டோம். வேப்பம்பூவுக்கும் பஞ்சமில்லை; அங்கே தெருவெல்லாம் வேப்பமரம். விடிந்ததும் அந்த மரங்களிலிருந்து இலைகள் உதிர ஆரம்பித்தன. காற்றே இல்லை. துப்பாக்கிக் குண்டுகள் கிளைகளுக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தன.

ஒன்பது நாள் அந்த அறையில் கிடந்தேன். பிறகு பஸ், துறைமுகம், கப்பல், விமானம், வீடு. அந்தக் கதையைப் பலமுறை சொல்லியாகிவிட்டது. இப்போது மஸ்கட்டில் இருக்கிறேன். மனைவி, பதினாலு வயது மகள், ஒரு கட்டடப் பராமரிப்புக் கம்பெனியில் வேலை. மகளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். நான் கார்ட்டூம் என்று சொன்னால் அவள் காதிலிருக்கும் இயர்போனைக் கழற்றாமலேயே தலையாட்டுவாள்.

இந்த வருடம் லீவு போட்டு, வில்லியனூருக்குப் பக்கத்திலுள்ள அரியூருக்கு, அண்ணன் வீட்டுக்கு வந்தேன். சித்திரை பிறந்த மறுநாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது செல்போனில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர் ஹாஷிம், கார்ட்டூமில் என்னோடு வேலை பார்த்த சூடானிய இன்ஜினியர். ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம். இப்போது வெள்ளை இல்லை. ஜன்னல்கள் இருந்த இடத்திலெல்லாம் மேல்நோக்கிக் கரி. குண்டு துளைத்த சுவர்களில் பூச்சு பெயர்ந்து, உள்ளே செங்கல் ஈறு மாதிரி தெரிந்தது. நைல் நதிக்கரையிலுள்ள குடியரசுத் தலைவர் அரண்மனை அது. அதில் சுண்ணாம்பு பூசியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

வீடியோவுக்குப் பின்னால் ஹாஷிமின் குரல். அரண்மனையைச் சரிசெய்யும் வேலை தொடங்கப் போகிறது. நான் வேலை பார்க்கும் மஸ்கட் கம்பெனிதான் அதில் ஒரு பகுதியை எடுத்திருக்கிறது. சுண்ணாம்பு தெரிந்த எட்டுப் பேர் வேண்டும். "கலியா வந்தால் போதும். மற்றவர்களை அவர் கூட்டிவருவார். உன் வார்த்தைக்கு அவர் மறுப்பு சொல்ல மாட்டார். மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், பட்டியல் இன்றே மேலே போக வேண்டும்."

கலியா என்பது குருவிநத்தம் கலியபெருமாள் மேஸ்திரி. என் வார்த்தைக்கு அவர் மறுப்பு சொல்ல மாட்டார் என்பது உண்மைதான். எனக்குப் பயம் கொடுத்தது அதுதான்.

நான் அங்கே போக வேண்டியதில்லை. மஸ்கட்டில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. கம்பெனி அனுப்பிய படிவத்தில் ஒரு வரி: கட்டடம் முழுவதும் வெடிபொருள் அகற்றப்பட்டது. அதன் கீழே ஒரு கட்டம். அதில் ஒரு டிக். யார் போட்ட டிக் என்று நான் கேட்கவில்லை.

2

அந்த அரண்மனையைப் பற்றி ஊரில் யாராவது கேட்டால் நான் சுவரிலிருந்துதான் தொடங்குவேன். கட்டடத்தின் சரித்திரம் புத்தகத்தில் ஒரு மாதிரி இருக்கிறது, பூச்சை உரித்தால் வேறு மாதிரி.

முதலில் அங்கே துருக்கிய, எகிப்திய அதிகாரிகளின் மண்வீடு. பிறகு அதையே செங்கல்லில் பெரிதாக்கினார்கள். செங்கல்லுக்கு எங்கே போவது? நீல நைலில் எதிர்த்துப் போனால் சோபா என்று ஒரு பாழ் நகரம். எப்போதோ ஒரு கிறிஸ்தவ ராஜ்யத்தின் தலைநகரம். அதன் மாதாகோயில் சுவர்களைப் பெயர்த்துப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு தலைநகரத்தைத் தின்று இன்னொரு தலைநகரம் எழுந்தது. அப்புறம் ஒரு கிளர்ச்சி. மாதக்கணக்கில் முற்றுகை. உள்ளே இருந்த வெள்ளைக்கார கவர்னரை மாடிப்படியில் வைத்துக் கொன்றதாகச் சொல்கிறார்கள்; தலையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் மரத்தில் தொங்கவிட்டார்கள். வென்றவர்கள் அரண்மனையைக் குலைத்து, மரத்தையும் செங்கல்லையும் தங்கள் புது ஊருக்கு எடுத்துப் போனார்கள். சில வருடங்களில் வெள்ளைக்காரப் படை பீரங்கியோடு திரும்பி வந்தது. பழைய அஸ்திவாரத்தின் மேலேயே புது அரண்மனையை எழுப்பியது. சுதந்திரத்தன்று அதன் உச்சியிலிருந்து வெள்ளைக்காரர், எகிப்தியர் கொடிகள் இரண்டும் இறங்கின, ஒன்று ஏறியது. பிறகு ராணுவம், தேர்தல், ராணுவம், தேர்தல், ராணுவம். ஒவ்வொருவரும் வந்து முந்தையவரின் நாற்காலியை மட்டும் மாற்றினார்கள், சுவர் அப்படியே நின்றது. பிற்பாடு சீனர்கள் பக்கத்திலேயே இன்னொரு பளபளக்கும் அரண்மனையைக் கட்டிக் கொடுத்தார்கள். பழையது விழாவுக்கும் விருந்தாளிக்கும் என்றானது.

இதெல்லாம் நான் படித்தது. கலியபெருமாள் படிக்கவில்லை. கரணையின் கட்டைப் பிடியால் சுவரைத் தட்டுவார். காதை ஒட்டி வைத்துக்கொண்டு அடுத்த அடி, அடுத்த அடி என்று நகர்வார். உப்பிப்போன இடம் தொம் என்று சொல்லும். அங்கே கரியால் வட்டம். ஒருநாள் அடித்தளத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கி வெகுநேரம் குந்தியிருந்தார். மேலே வந்து சொன்னார்:

"இது ஒரு கை செங்கல் இல்ல தம்பி. மூணு கை. அடியில இருக்கறது வேற அளவு, வேற சூளை. எவனோ கட்டனத எவனோ இடிச்சி, அதையே எவனோ திரும்பக் கட்டிக்கிறான்."

"எப்படிணா சொல்ற?"

"நம்ம டவுன்ல பாத்தது இல்லியா? இங்கிலீசுக்காரன் பிரெஞ்சுக்காரன் ஊர இடிச்சித் தரமட்டம் ஆக்குனான். அப்பால அதே கல்ல வெச்சி பிரெஞ்சுக்காரன் திரும்பக் கட்டுனான். கடலாண்ட எந்த வூட்ட நோண்டுனாலும் உள்ள ரெண்டு வூடு இருக்கும்."

சோபாவைப் பற்றி நான் அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு அந்தச் சுவருக்கு நான்காவது கையும் வந்தது. போர் தொடங்கிய நாளில், ராணுவத்துக்கு எதிராகத் திரும்பிய துணைப்படை அரண்மனைக்குள் புகுந்தது. இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேயே இருந்தது. தூங்கினார்கள், சமைத்தார்கள், சுட்டார்கள். பிறகு ராணுவம் அறை அறையாகச் சண்டையிட்டு மீட்டது. எரிந்த கூடத்தில் சிப்பாய்கள் ஆடிப் பாடியதை எல்லோரையும் போல நானும் செல்போனில் பார்த்தேன். ஆடுகிறவர்களைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்த சுவரைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு, ஒரு ஆள் உயரத்துக்கு மட்டும், புகையின் நடுவே மினுங்கியது.

3

அண்ணனின் வண்டியை எடுத்துக்கொண்டு குருவிநத்தம் போனபோது மணி பதினொன்று. பாகூர் தாண்டியதும் வெயில் ரோட்டைத் தண்ணீராக்கிக் காட்டியது. பஸ் ஒன்று எதிரே வந்து ஒதுங்கச் சொல்லி அலறியது. நான் ஒதுங்கி, நின்றுவிட்டேன். திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. ஹாஷிமிடம், அவர் ஊரில் இல்லை என்று சொல்லிவிடலாம். பொய் சொல்வது எனக்குப் புதிதல்ல.

கலியபெருமாளின் மனைவி அஞ்சலை, வாசல் பந்தலடியில் முறத்தை வைத்துக்கொண்டு விதைக்கு வைத்த மல்லாட்டைக் கடலையில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. இன்னா, இந்த வெயில்ல? மஸ்கட்டு வெயிலு பத்தலியா உனுக்கு?"

"அண்ணன் இருக்காராண்ணி?"

"இருக்காரு, இருக்காரு. காலீலர்ந்து புதுச்சட்ட போட்டுக்கினு மாப்ள மாதிரி குந்திக்கினு இருக்காரு. அந்தக் கறுப்புத் தம்பி போன் பண்ணிச்சாம்."

ஹாஷிம் எனக்கு முன்பே பேசிவிட்டார். உள்ளேயிருந்து கலியபெருமாள் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு அரித்து வெளுத்த கை. அந்தக் கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட பாஸ்போர்ட்.

"தோ பாரு தம்பி. இன்னும் நாலு வருசம் இருக்குது. ஆளுங்ககிட்ட சொல்லிட்டன். என்னச் சேத்து ஆறு பேரு ரெடி, ரெண்டு பேரு பொண்டாட்டியக் கேட்டு சொல்றன்னானுங்க."

"நீ கேட்டியா?" என்றார் அஞ்சலை, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உன்ன இன்னாடி கேக்கறது? தம்பி கூட இருக்கறப்ப எனுக்கு இன்னா பயம்? அந்த மூணு நாளு, தம்பி மட்டும் இல்லன்னா என் எலும்புகூட வந்துருக்காது."

"அந்தக் கதைய இன்னும் எத்தினி தடவ சொல்லுவ?"

"சாவற வரிக்கும் சொல்லுவன்."

எனக்கு நீர்மோர் கொடுத்தார்கள்.

4

அந்த மூன்று நாள் கதையை ஊரில் அவர் சொல்லும் விதம் எல்லோருக்கும் தெரியும். நடந்தது இது.

அது போருக்கு முந்தைய வருடம். ராணுவ ஆட்சியை எதிர்த்து இளைஞர்கள் வாரா வாரம் அரண்மனையை நோக்கி ஊர்வலம் வந்த காலம். பாலங்களின் குறுக்கே கன்டெய்னர்களை வைத்து நகரத்தை அடைப்பார்கள். கண்ணீர்ப் புகை எங்கள் சாரம் வரைக்கும் வரும். பழைய அரண்மனையின் வடக்கு வராந்தாவில், நதியைப் பார்த்த பக்கம், கலியபெருமாளும் ஏழு பேரும் பூச்சு வேலை. நான் மேற்பார்வை, மொழிபெயர்ப்பு, எல்லாம்.

ஆரம்பத்திலிருந்தே இடைஞ்சல். ஊரிலிருந்து கொண்டுபோன கடுக்காய் மூட்டையை, அது ஏதோ போதைச் சரக்கு என்று விமான நிலையத்தில் மூன்று வாரம் பிடித்து வைத்தார்கள். கடுக்காய்த் தண்ணீர் இல்லாமல் சுண்ணாம்பு பிடிக்காது என்று நான் எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதத்துக்கு, அது என்ன வியாதிக்கான மருந்து என்று கேட்டுப் பதில் வந்தது. பிறகு ஒருத்தர் சாரத்திலிருந்து விழுந்ததில் மணிக்கட்டு பிசகியது. மறுவாரமே இரண்டு நாள் போட்ட பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. ஆட்களின் முகம் மாறிவிட்டது.

"கண்ணு பட்டுப்போச்சி தம்பி," என்றார் கலியபெருமாள். "போறவன் வர்றவன் பூரா இதத்தான் பாக்கறான்."

"அப்ப ஒரு பொம்ம கட்டிடுண்ணா," என்றேன் நான்.

சொன்னது நான்தான். எங்கள் பக்கத்தில் சுவர் கதவு ஜன்னல்களின் தலைக்கு மேலே, லிண்டல் மட்டத்துக்கு வந்ததும் வைக்கோல் அடைத்த ஒரு ஆளைச் சாரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். பார்க்கிறவன் கண் கட்டடத்தை விட்டு அதன்மேல் போகட்டும் என்று. வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும், எந்தப் புது வீட்டிலும் அது தொங்கும். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். கலியபெருமாள் கோதுமை வைக்கோல் பிடித்து வந்தார். மாவு மூட்டையில் தலை செய்தார். கரியால் கண், பல், பெரிய மீசை. மீசை இல்லாவிட்டால் நம்மூரில் அது பொம்மையே இல்லை. உடுப்புக்கு என் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தேன். காக்கிச் சட்டை. தோளில் பட்டி வைத்தது.

கழுத்தில் கயிறு போட்டு, நதிச்சாலையைப் பார்த்துத் தொங்கவிட்டார்கள். நாங்கள் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தோம்.

முதல் கவளம் வாய்க்குப் போகவில்லை. காவல் படை ஓடி வந்தது. துப்பாக்கிகள் மேலே பார்த்தும் இருந்தன, எங்களைப் பார்த்தும் இருந்தன. வெளியே ஊர்வலத்தில் வருகிறவர்கள் யாருடைய கழுத்தைக் கேட்டுக் கத்துகிறார்களோ, அந்த ராணுவத் தலைவரின் கழுத்தை நாங்கள் உள்ளேயே தொங்கவிட்டிருந்தோம். கவர்னரின் தலை மரத்தில் தொங்கிய கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்த ஊர்க்காரர்களின் அரண்மனையில்.

அதிகாரி இளைஞர். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"இது யார்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. கண்ணேறு அந்த ஊரிலும் உண்டு. குழந்தைக்கு மணி கட்டுவார்கள், கையில் தோல் தாயத்து கட்டுவார்கள். 'அல் ஐன்', கண், என்ற ஒரு வார்த்தை போதும். எனக்கு அந்த வார்த்தை தெரியும். வாயில் வரவில்லை.

"யார் கட்டச் சொன்னது?"

கலியபெருமாள் என் பக்கத்தில் நின்றார். அவருக்கு அரபி தெரியாது. நான் ஏதோ சொல்லிக் காப்பாற்றுகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் காட்டிச் சொன்னேன்: "இவர். தானாகச் செய்துவிட்டார். எனக்குத் தெரியாது."

கலியபெருமாள் தலையை ஆட்டினார். ஆமாம், தம்பி சொல்றதுதான், என்பது போல.

5

அவரைக் கூட்டிப்போய்க் காவல் அறையில் வைத்தார்கள். நானும் ஹாஷிமும் கடிதங்களோடு அலைந்தோம். அலைந்தது பொய்யில்லை. இரண்டாம் நாள் ஒரு மேசையில் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, கலியபெருமாள் என்று இங்கே யாரும் இல்லை என்றார்கள். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருந்ததால், உள்ளே பிடித்து வைக்கப்பட்டிருந்தவர் பெருமாள்சாமி. என்றைக்கோ குருவிநத்தத்தில் செத்து, ஆற்றங்கரையில் எரிந்துபோன மனிதரைக் கார்ட்டூம் அரண்மனையிலிருந்து விடுவிக்கச் சொல்லி இன்னொரு கடிதம் எழுதினேன்.

மூன்றாம் நாள் விட்டார்கள். என் கடிதத்தால் அல்ல. ஹாஷிம் பிறகு விசாரித்துச் சொன்னார். அறைக்குக் காவல் இருந்த வயதான சிப்பாயின் கையில் தோல் தாயத்து இருந்திருக்கிறது. கலியபெருமாள் அதைத் தொட்டுக் காட்டி, தன் இரண்டு கண்ணையும் விரலால் குத்துவது போலக் காட்டி, மேலே சாரத்தைக் காட்டியிருக்கிறார். சிப்பாய் ஒரு நிமிடம் முழித்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார். பிறகு போய் அதிகாரியிடம் சொன்னது அவர்தான்.

ஆனால் கதவு திறந்தபோது வாசலில் கடிதத்தோடு நின்றவன் நான். கலியபெருமாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கையை நான் உருவிக்கொள்ளவில்லை. போருக்குச் சில மாதம் முன்பு, வராந்தா வேலை பாதியில் நிற்க, அவரும் ஆட்களும் ஊர் திரும்பினார்கள்; ஊரில் அந்தக் கதை பரவியது. அரியூர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு இடம் கொடுத்து எழுந்து நிற்கிறவர்கள் உண்டு. வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஊரில் நல்ல பெயர் ஒன்று தேவைப்படுகிறது, விசா மாதிரி. அதைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன்.

6

"நீயும் கூடப் போறியா தம்பி?" என்று கேட்டார் அஞ்சலை.

சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரை.

"இல்லண்ணி. நான் மஸ்கட்ல இருந்து பாத்துக்குவன்."

முறம் நின்றது. "நீ போவாத எடத்துக்கு இவர எதுக்கு இட்டுக்கினு போற?"

"ஏய், வாய மூடு," என்றார் கலியபெருமாள். "தம்பி போன்ல ஒரு வார்த்த சொன்னா அங்க எல்லாம் நடக்கும். இங்க இன்னா வாழுது? நேத்து பொறந்தவன் மட்டப்பலகையப் புடிக்கத் தெரியாம என்னப் பாத்து 'யோவ் பெருசு'ன்றான். அங்க நான் மேஸ்திரி. வடக்கு வராந்தால பாதிய வுட்டுட்டு வந்தன். அத முடிக்கணும்."

அவர் கண்ணில் இருந்த வெளிச்சம்தான் என்னை உடைத்தது. படிவத்தில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் என் பேனா இருந்தது. மூடினேன், படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"அண்ணா, உன்னக் காட்டிக் குடுத்தது நான்."

அவர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. பொம்மை கட்டச் சொன்னது நான், சட்டை கொடுத்தது நான், அதிகாரி கேட்டபோது, இவர் தானாகச் செய்தார் என்று சொன்னது நான், விடுதலை வாங்கியது தாயத்தைக் காட்டிய நீ. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பந்தலின் ஓலைச் சந்து வழியாக வெயில் புள்ளி புள்ளியாக அவர் சட்டைமேல் விழுந்திருந்தது. அவர் அசையவில்லை என்பது அந்தப் புள்ளிகள் அசையாததிலிருந்து தெரிந்தது.

"அன்னிக்கி நீ பேசறப்ப நான் தலையாட்டுனன்," என்றார் கடைசியில்.

"ஆமா."

"இன்னா பேசறன்னு தெரியாமயே."

"ஆமாண்ணா."

அஞ்சலை எழுந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து புருஷனிடம் மட்டும் கொடுத்தார்.

"இந்த வேல வேணாம்ணா," என்றேன். "ரெண்டு மணிக்கு ஹாஷிம் கூப்புடுவான். நீ வரலன்னு நானே சொல்லிடறன். அங்க எது வெடிக்கும், எது வெடிக்காதுன்னு..."

சொம்பு தரையில் மோதியது.

"திரும்பவும் நீயே சொல்லுவியா?" அவர் எழுந்துவிட்டார். "அன்னிக்கும் எனுக்காக நீதான் பேசுன. இன்னிக்கும் நீதான் பேசுவியா? போறன்னாலும் நீ சொல்லணும், வேணான்னாலும் நீ சொல்லணும். நான் இன்னா, வாயில்லாத மாடா? குடுறா போன."

அதுவரை அவர் என்னை டா போட்டதில்லை.

இரண்டு மணி அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போதே ஹாஷிம் வீடியோவில் வந்தார். நான் செல்போனைக் கலியபெருமாளிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவருக்கு அரபி தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த மூன்று நாளிலும் அதற்குப் பிந்தைய மாதங்களிலும், வேலைத்தளத்துச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். செங்கல் அடுக்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். நடுவே கலவை இல்லை, ஆனாலும் நின்றது. ஹாஷிமுக்கு அது புரிந்தது. சந்தோஷத்தில் "யா கலியா! எப்படி இருக்கிறாய்?" என்றார்.

"தமாம். ஹாஷிம், நீ எங்கே? அரண்மனையா?"

"ஆமாம். வாசலில்."

"வடக்கு வராந்தா. காட்டு."

படம் ஆடியது. வேலி, சரிந்த மரம், கரி படிந்த வளைவுகள். வராந்தா தூரத்தில் தெரிந்தது. நடுவே சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட நாடா ஒன்று கட்டியிருந்தது. படம் அதன் முன்னால் நின்றுவிட்டது.

"கிட்டே. சுவர் கிட்டே."

ஹாஷிம் தயங்கினார். நல்ல மனிதர்; பொய் சொல்லத் தெரியாதவர். "இந்தப் பக்கம் முடித்துவிட்டார்கள், கலியா. அந்தப் பக்கம் இன்னும் வெடி தேடுகிறவர்கள் முடிக்கவில்லை. நாடாவைத் தாண்டக் கூடாது. நீங்கள் வருவதற்குள் முடித்துவிடுவார்கள். இன்ஷா அல்லா."

படிவத்தின் அந்த டிக் என் சட்டைப் பைக்குள் மடித்துக் கிடந்தது. சுவரைக் காட்டச் சொல்லிக் கலியபெருமாள் கேட்டது மொத்தம் ஆறு வார்த்தை. அரபி சரளமாகப் பேசும் எனக்கு அது காலையிலிருந்து வாயில் வரவில்லை.

கலியபெருமாள் வெகுநேரம் திரையைப் பார்த்தார். தன் சுவரைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு அரபியில் தேடினார், கிடைக்கவில்லை. தமிழிலேயே சொன்னார். ஹாஷிமைப் பார்த்துத்தான் சொன்னார், கோபமில்லாமல்:

"தம்பி, நீயே காலு வெக்காத எடத்துல நான் சாரம் கட்டணுமா?"

ஹாஷிமுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாஃபி," என்றார் கலியபெருமாள். இல்லை. "நானும் மாஃபி. எட்டு ஆளும் மாஃபி. நீயும் தாண்டாதே, ஹாஷிம். குழந்தைகள் இருக்கிறார்கள் உனக்கு." போனை எந்த இடத்தில் அழுத்தி அணைப்பது என்று தெரியாமல் என்னிடம் நீட்டினார். நான் அணைத்தேன்.

பாஸ்போர்ட்டை உறைக்குள் போட்டு அஞ்சலையிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கி முறத்துக்கு அடியில் வைத்துவிட்டு, மறுபடி சொத்தை பொறுக்க ஆரம்பித்தார். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. வண்டிச் சாவியைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது.

வேலியருகே போனதும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"இதோ பாரு. வேணாம்னு சொன்னது நானு. ஊர்ல எவனாவது கேட்டா அப்டியே சொல்லு. நீ பேசி நிறுத்திட்டன்னு கத கட்டிக்கினு திரியாத."

கேட்கப் போகிறவர்களுக்காக, கேட்பதற்கு முன்பே இதை எழுதிவிடுகிறேன். வேண்டாம் என்று சொன்னவர் குருவிநத்தம் கலியபெருமாள் மேஸ்திரி. அவரே பேசினார். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.